கணக்கில் வராத நாள்கள்: ஆரணிப் பட்டு நெசவும் இலாப நோக்கற்ற அமைப்புகளின் வெற்றியை அளக்கும் முறைகளும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இலாபத்தை முதன்மை நோக்கமாகக் கொள்ளாத அமைப்புகளின் வெற்றியை எதைக் கொண்டு அளப்பது என்னும் வினா மேலாண்மையியலில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருகிறது. திருவண்ணாமலை மாவட்டம் ஆரணிப் பகுதியின் பட்டு நெசவில் இயங்கும் இரு வகை முயற்சிகளின்மீது இக்கட்டுரை அவ்வினாவைப் பொருத்திப் பார்க்கிறது. ஒன்று, நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள். மற்றொன்று, தறியிலிருந்த குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்ப மேற்கொள்ளப்பட்ட திட்டங்கள். இலாபம், தறி எண்ணிக்கை, பள்ளிச் சேர்க்கை ஆகிய நடப்பு அளவைகள் அமைப்பின் இயக்கத்தை அளக்கின்றனவே அன்றி, நெசவாளர் வாழ்வில் நேர்ந்த மாற்றத்தை அளப்பதில்லை என்பதும், சில சூழல்களில் நோக்கத்தின் தோல்வியையே வெற்றியாகக் காட்டுகின்றன என்பதும் நிறுவப்படுகின்றன. பாவு இல்லாத நாள்கள், விலையில் கூலியின் பங்கு, முன்பணக் கடன், பதிவாகாத பெண் உழைப்பு ஆகியவற்றை மையப்படுத்தும் மாற்று அளவைகள் முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்

ஆரணிப் பட்டு, கைத்தறி, கூட்டுறவுச் சங்கம், இலாப நோக்கற்ற அமைப்பு, தாக்க மதிப்பீடு, குழந்தைத் தொழிலாளர், முன்பணம், சமூகத் தணிக்கை

முன்னுரை

வணிக நிறுவனத்தின் வெற்றிக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. ஆண்டு முடிவில் வரவு செலவைவிட மிகுந்திருந்தால் அது வென்றது எனலாம். சமூக நோக்கத்திற்காகத் தோன்றிய அமைப்புக்கு அத்தகைய ஒற்றை அளவுகோல் இல்லை. அதன் நோக்கம் பிறருடைய வாழ்வில் நிகழ வேண்டிய மாற்றம். அதன் கணக்கேடோ தன்னுடைய வரவையும் செலவையும் பணியையும் மட்டுமே பதிவு செய்வது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவே அளவிடலின் அடிப்படைச் சிக்கலாகும்.

தமிழில் கைத்தறி பற்றி வெளிவந்த ஆய்வேடுகள் பலவும் சங்கங்களின் உறுப்பினர் தொகை, பங்கு மூலதனம், உற்பத்தி மதிப்பு, விற்பனை, நிகர இலாபம் ஆகியவற்றை அட்டவணைப்படுத்தி, அவை உயர்ந்தால் வளர்ச்சி என்றும் தாழ்ந்தால் நலிவு என்றும் முடிவு காண்கின்றன. ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வைக்கப்படும் கைத்தறித் துறையின் கொள்கைவிளக்கக் குறிப்பிலும் இலாபத்தில் இயங்கும் சங்கங்களின் எண்ணிக்கை ஒரு முதன்மைச் செய்தியாக இடம்பெறுகிறது. அட்டவணைகள் பிழையானவை அல்ல. அவை எந்த வினாவுக்கு விடை என்பதே கேட்கப்படாமல் போகிறது. அவ்வினாவை ஆரணியை முன்வைத்து எழுப்புவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டப்படி கூட்டுறவுச் சங்கம் முழுமையான இலாப நோக்கற்ற அமைப்பு அன்று. உபரியை உறுப்பினருக்குப் பகிர்ந்தளிக்கும் உரிமை அதற்குண்டு. எனினும் பன்னாட்டுக் கூட்டுறவு ஒன்றியம் 1995-இல் மான்செஸ்டரில் ஏற்ற அறிக்கை, மக்களாட்சி முறையிலான உறுப்பினர் கட்டுப்பாடு, கல்வி, சமுதாய அக்கறை உள்ளிட்ட ஏழு கொள்கைகளைக் கூட்டுறவின் அடையாளமாக வகுத்தது. இலாபம் ஈட்டல் அவற்றுள் ஒன்றாக இல்லை. ஆதலின் நோக்கத்தைக் கொண்டு அளக்கப்பட வேண்டிய அமைப்பாகவே நெசவாளர் சங்கம் இங்குக் கொள்ளப்படுகிறது.

1. பணமும் ஏக்கரும்: மூன்றடுக்கு அளவை

இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படும் கட்டுரை, ஜான் சாஹில், டேவிட் வில்லியம்சன் ஆகிய இருவரும் 2001-இல் வெளியிட்டதாகும். அமெரிக்காவின் 'நேச்சர் கன்சர்வன்சி' என்னும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டறிவை அது முதன்மையாக எடுத்துரைக்கிறது. அவ்வமைப்பு நெடுங்காலம் இரண்டு எண்களால் தன்னை அளந்து வந்தது: திரட்டிய பணம், காத்த நிலத்தின் ஏக்கர். இரண்டும் ஆண்டுதோறும் உயர்ந்தன. ஆனால் எந்த உயிரினங்களைக் காப்பதற்காக அமைப்பு தோன்றியதோ அவற்றின் அழிவு நிற்கவில்லை. சதுப்புநில ஆமைகளுக்கென்று நிலம் வாங்கிக் காத்த ஓரிடத்தில், காப்பகத்திற்கு வெளியே நடந்த மாற்றங்களால் நீர்நிலை பாதிக்கப்பட்டு ஆமைகள் குறைந்த நிகழ்வு இதற்குச் சான்றாகக் கூறப்படுகிறது. வேலிக்குள் இருந்த நிலம் கணக்கில் ஏறியது. வேலிக்கு வெளியிலிருந்து வந்த நீர் கணக்கில் இல்லை.

இதிலிருந்து அவ்வமைப்பு மூன்று அடுக்குகளைக் கொண்ட அளவைக்கு வந்து சேர்ந்தது. பணம், ஆள், நிலையான கட்டமைப்பு ஆகியவை திறன் எனப்பட்டன. செய்த பணிகளின் அளவு செயல் எனப்பட்டது. நோக்கத்தை நோக்கிய உண்மையான நகர்வு தாக்கம் எனப்பட்டது. திறனும் செயலும் எளிதில் எண்ணத்தக்கவை. தாக்கம் அரிதில் எண்ணத்தக்கது. எனவே எந்த அமைப்பும் முதலிரண்டில் தங்கிவிடும் இயல்புடையது.

இப்பாகுபாடு பயனுடையது எனினும் ஒரு குறையும் உடையது. நோக்கம் எது என்பதில் அமைப்புக்குள் ஒருமித்த கருத்து உண்டு என அது கொள்கிறது. ஆமையின் நலன் எது என்பதில் ஆமைக்கும் அமைப்புக்கும் பூசல் எழ வழியில்லை. நெசவாளர் சங்கத்தில் நிலை வேறு. அங்கு நிதி தரும் அரசு, கடன் தரும் வங்கி, நிர்வாகக் குழு, தறியில் அமர்பவர், அவருக்கு இழை சுற்றித் தரும் பெண் ஆகிய ஒவ்வொருவருக்கும் வெற்றி வெவ்வேறாகத் தோன்றுகிறது. எதை அளப்பது என்பதற்கு முன்னர் யாருடைய நோக்கிலிருந்து அளப்பது என்பது முடிவாக வேண்டியுள்ளது.

2. ஆரணி: களமும் உற்பத்தி உறவும்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பெயர் பெற்ற ஊர். வட ஆற்காடு மாவட்டம் 1989-இல் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை மாவட்டத்தில் சேர்ந்தது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. நெசவு நகருக்குள் மட்டும் அடங்கியதன்று. சேவூர், ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய சுற்றுவட்டார ஊர்களிலும் தறிகள் இயங்குகின்றன. மரபான நெசவுச் சமூகங்களைக் கடந்து வேளாண் குடும்பங்களிலும் இத்தொழில் பரவியது இப்பகுதியின் தனித்தன்மையாக ஆய்வாளர்களால் குறிக்கப்படுகிறது. பார்பரா ஹாரிஸ்-வைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970-களிலிருந்து ஆரணியின் பொருளியலைத் தொடர்ந்து ஆராய்ந்துள்ளனர். 2016-இல் வெளியான நூல் நாற்பதாண்டு மாற்றங்களைத் தொகுத்துரைக்கிறது. ஒரு சிறு நகரம் இவ்வளவு நெடிய ஆய்வுக்கு உட்பட்டிருப்பது தமிழகத்தில் அரிது.

நெசவாளரின் நிலையை உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன. சொந்த முதலில் பட்டும் ஜரிகையும் வாங்கி நெய்பவர் ஒரு வகையினர். முதலாளியிடம் பாவும் ஊடையும் பெற்றுத் தம் வீட்டுத் தறியில் நெய்து கூலி பெறுபவர் மற்றொரு வகையினர். பிறர் வீட்டுத் தறியில் கூலிக்கு அமர்பவரும் உளர். சங்கத்திடம் பாவு பெறும் உறுப்பினர் இவற்றுக்கு அடுத்த வகையினர். முதலாளியிடம் நெய்பவர் பெரும்பாலும் முன்பணம் பெற்றிருப்பார். அக்கடன் தீரும்வரை வேறிடம் மாறுதல் அரிது. கூலி கூடக் கேட்பதும் அரிது. இப்பிணிப்பிலிருந்து நெசவாளரை விடுவிப்பதே கூட்டுறவின் முதல் நோக்கமாக இருந்தது. 1935-இல் கோ-ஆப்டெக்ஸ் தோன்றியதும், அதன் பின்னர் ஊர்தோறும் தொடக்கச் சங்கங்கள் பெருகியதும் இந்நோக்கத்தின் விளைவேயாகும்.

3. இலாபம் என்னும் அளவுகோல்

சங்கத்தின் இயக்கம் எளிமையானது. சங்கம் பட்டும் ஜரிகையும் வாங்கி, உறுப்பினருக்குப் பாவாகவும் ஊடையாகவும் வழங்குகிறது. உறுப்பினர் சேலையை ஒப்படைத்துச் சேலைக்கு இவ்வளவு என்று வகுத்த கூலியைப் பெறுகிறார். அடக்கவிலையுடன் சங்கத்தின் பங்கு சேர்க்கப்பட்டு விற்பனை விலை அமைகிறது. பட்டின் விலை சந்தைக்கேற்ப ஏறி இறங்குவது. ஜரிகையின் விலை வெள்ளி, தங்கத்தின் விலையோடு பிணைந்தது. இவ்விரண்டும் சங்கத்தின் கையில் இல்லை. அதன் கையிலிருப்பவை மூன்று: விற்பனையைப் பெருக்குதல், கூலியை உயர்த்தாமல் வைத்தல், இருப்பு மிகும்போது பாவு வழங்குதலைக் குறைத்தல்.

இலாபத்தைக் கூட்டும் இம்மூன்று வழிகளுள் முதலாவது மட்டுமே நெசவாளருக்கு நன்மை தருவது. மற்ற இரண்டும் அவருடைய இழப்பைச் சங்கத்தின் ஆதாயமாக மாற்றுபவை. ஆண்டறிக்கையின் நிகர இலாபம் என்னும் ஒற்றை வரியோ இம்மூன்றையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

இதன் மறுதலையும் எண்ணத்தக்கது. பட்டுச் சேலையின் விற்பனை திருமணங்களைச் சார்ந்தது. ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லை, விற்பனை தளர்கிறது, இருப்பு பெருகுகிறது, வங்கிக் கடனுக்கான வட்டி ஏறுகிறது. அம்மாதங்களிலும் தறி நிற்காதவாறு பாவு வழங்கும் சங்கம் ஆண்டு முடிவில் இழப்பைக் காட்ட நேரலாம். பாவு வழங்குதலை நிறுத்திய சங்கம் இலாபத்தைக் காட்டலாம். 2020-இல் ஊரடங்கால் திருமணங்கள் சுருங்கியபோது இம்முரண் மிகக் கூர்மையுற்றது. உறுப்பினருக்கு வேலை தருவதற்காகத் தோன்றிய அமைப்பு, வேலை தந்ததால் நலிந்தது என்றும், வேலையை மறுத்ததால் சிறந்தது என்றும் பட்டியலிடப்படுமாயின், அப்பட்டியல் நோக்கத்தைத் தலைகீழாக அளக்கிறது எனலாம்.

இதனால் இலாபம் தேவையற்றது என்று கொள்ளுதல் பொருந்தாது. தொடர்ந்து இழப்பைக் காணும் சங்கத்தின் பங்கு மூலதனம் கரைகிறது. கடன் தகுதி குறைகிறது. இறுதியில் சங்கம் கலைக்கப்பட நேர்கிறது. அதன் உறுப்பினர் மீண்டும் முன்பணத்துக்குத் திரும்புகின்றனர். ஆகவே இலாபம் சங்கம் உயிரோடிருப்பதற்கான எல்லைக்கோடாகக் கொள்ளத்தக்கது. அதன் வெற்றியின் அளவாகக் கொள்ளத்தக்கதன்று. எல்லைக்கோட்டை இலக்காக மாற்றியதே நடப்பு மதிப்பீடுகளின் அடிப்படைப் பிழையாகும்.

உறுப்பினர் எண்ணிக்கையும் இத்தகையதே. கைத்தறிகளைக் கூட்டுறவின்கீழ்க் கொண்டுவருதல் ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் முதன்மைக் குறிக்கோளாயிற்று. 1974-இல் அறிக்கையளித்த சிவராமன் குழுவும் கூட்டுறவை விரிவாக்குவதை வலியுறுத்தியது. எத்தனை தறி உள்ளே வந்தது என்பதே வெற்றியாகக் கருதப்பட்டபோது, ஏட்டில் மட்டும் உள்ள தறிகளும், முதலாளிகள் பிறர் பெயரில் வைத்திருந்த உறுப்பினர் பதிவுகளும் தோன்றின. கைத்தறிக் கூட்டுறவு பற்றிய ஆய்வுகளில் நெடுங்காலமாகப் பேசப்படும் குறை இது. சமூக முடிவுகளுக்கு ஓர் எண் எவ்வளவு மிகுதியாகப் பயன்படுகிறதோ, அவ்வளவு மிகுதியாக அவ்வெண் சிதைவுக்கு உள்ளாகும் என்று அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்பல் 1970-களில் வகுத்த கருத்து இங்குப் பொருந்துகிறது. சங்கத்துக்குள் தறி வந்தது. தறியைப் பிணித்த உறவோ வெளியே இருந்தவாறே இருந்தது.

4. ஒரே கணக்கெடுப்பு, இரண்டு முடிவுகள்

நாடளாவிய புள்ளிவிவரங்களும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. 2009–10-இல் நடந்த மூன்றாவது கைத்தறிக் கணக்கெடுப்பு 27.83 இலட்சம் குடும்பங்களையும் 43.31 இலட்சம் தொழிலாளர்களையும் பதிவு செய்தது. 2019–20-இன் நான்காவது கணக்கெடுப்பில் குடும்பங்கள் 31.45 இலட்சமாக உயர்ந்தன, தொழிலாளர்கள் 35.22 இலட்சமாகக் குறைந்தனர். குடும்பங்களை எண்ணுபவருக்குக் கைத்தறி வளர்ந்துள்ளது. தொழிலாளர்களை எண்ணுபவருக்குத் தேய்ந்துள்ளது. இரண்டும் ஒரே கணக்கெடுப்புகளிலிருந்து பெறப்படுபவை.

நான்காவது கணக்கெடுப்பு, மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களின் மாத வருவாய் 5,000 ரூபாய்க்கும் குறைவு என்றும் காட்டியது. இவ்வெண்ணை அப்படியே ஆரணிக்குப் பொருத்துதல் ஆகாது. நாட்டின் நெசவுக் குடும்பங்களில் பெரும்பகுதி வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் பல வீட்டுத் தேவைக்காகவும் பகுதிநேரமாகவும் நெய்பவை. முழுநேரக் கூலிக்கு நெய்யும் பட்டு நெசவாளரின் நிலை வேறு அளவைகளால் அறியப்பட வேண்டியது. நாடளாவிய சராசரியை மேற்கோளாக்கி ஊரளவிலான முடிவுகளுக்கு வரும் போக்கு தமிழ் ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணப்படுவதால் இது சுட்டப்படுகிறது.

5. தறியிலிருந்து பள்ளிக்கு: எண்ணிக்கையும் உரிமைகோரலும்

பட்டு நெசவில் குழந்தை உழைப்புக்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும் கோர்வை நெசவில், கரைக்குரிய நாடாவை மறுபக்கத்திலிருந்து தள்ள உடனாள் ஒருவர் தேவை. அவ்விடத்தில் குறைந்த கூலிக்குக் குழந்தைகள் அமர்த்தப்பட்டனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாகக் குழந்தையின் உழைப்பு கழிக்கப்படுவதும் உண்டு. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-இல் இந்தியப் பட்டுத் தொழிலிலுள்ள கொத்தடிமைக் குழந்தை உழைப்பைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் ஒரு களமாக அமைந்தது.

இதற்கு எதிரான முயற்சிகள் பல. 1987-இன் தேசியக் கொள்கையைத் தொடர்ந்து 1988-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. சிவகாசி தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-இல் அளித்த தீர்ப்பு, குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. இந்திய அரசும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் நிதியளிக்க, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழி 2000-களில் நடைபெற்ற 'இண்டஸ்' திட்டத்தில் தமிழகத்தின் ஐந்து மாவட்டங்களுள் ஒன்றாகத் திருவண்ணாமலையும் இடம்பெற்றது. இத்திட்டங்களின் கீழ்ச் சிறப்புப் பள்ளிகளை நடத்தும் பணியில் தொண்டு நிறுவனங்கள் பெரும்பங்கு ஆற்றின.

இவற்றின் வெற்றி பெரும்பாலும் ஓர் எண்ணால் கூறப்பட்டது: மீட்கப்பட்டுப் பள்ளியில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் தொகை. மூன்றடுக்குப் பாகுபாட்டில் இது செயலின் அளவே. சேர்ந்த குழந்தை எத்தனை ஆண்டு பள்ளியில் தங்கியது, என்ன கற்றது, குடும்பத்தின் முன்பணம் தீர்ந்ததா, அக்குழந்தையின் இடத்தில் தறியருகே அமர்ந்தது யார் என்பவையே தாக்கத்தின் வினாக்கள். இறுதி வினா மிக இன்றியமையாதது. கடன் தீராத குடும்பத்தில் மூத்த பிள்ளை பள்ளிக்குச் சென்றால் அவ்விடம் வெறுமையாக இருப்பதில்லை.

அடுத்தது உரிமைகோரல். இன்று தறியில் குழந்தைகள் பெருமளவு குறைந்துள்ளனர் என்பது பரவலாக ஏற்கப்படுவது. அதற்குக் காரணமாகச் சுட்டத்தக்கவை பல: 1982-இல் விரிவுற்ற சத்துணவுத் திட்டம், குடும்ப அளவு சுருங்கியமை, உடனாளின் தேவையைக் குறைத்த ஜக்கார்டு முதலிய மாற்றங்கள், விசைத்தறியின் போட்டி, பிள்ளைகள் நெசவுக்கு வரவேண்டாம் என்னும் பெற்றோரின் விருப்பம், சட்ட நடவடிக்கை, தொண்டு நிறுவனங்களின் பணி. ஒவ்வொரு அமைப்பும் மொத்தக் குறைவையும் தன் வெற்றியாக அறிக்கையில் காட்டுமாயின் ஒரே குழந்தை பல முறை மீட்கப்பட்டதாகிறது. தொண்டு நிறுவனங்களின் பங்கை மறுப்பதற்காக இது கூறப்படவில்லை. மாலைநேரப் பள்ளியும் பெற்றோரிடம் நடத்திய பேச்சும் இன்றி, சட்டமும் சத்துணவும் மட்டும் குழந்தையைத் தறியிலிருந்து எழுப்பியிருக்கும் என்று கூற இயலாது. தனித்தனியே பிரித்துக் காட்ட இயலாத பங்கைப் பிரித்துக் காட்டுமாறு நிதி வழங்குவோர் கேட்பதே உண்மையற்ற எண்களை விளைவிக்கிறது.

வரையறையும் எண்ணை நகர்த்துகிறது. 2016-இன் சட்டத் திருத்தம், ஆபத்தானவை எனப் பட்டியலிடப்பட்டவை நீங்கலாக, பள்ளி நேரத்திற்குப் பின்னும் விடுமுறையிலும் குழந்தை குடும்பத் தொழிலில் உதவுவதை ஏற்றது. ஆரணியின் தறிகள் பெரும்பாலும் வீட்டிலிருப்பவை. வீடும் பட்டறையும் ஒன்றாக உள்ள இடத்தில் 'உதவி' எங்கு முடிந்து 'உழைப்பு' எங்குத் தொடங்குகிறது என்பதைக் கணக்கெடுப்பாளர் ஒரு நாள் வருகையில் காண்பது அரிது. எனவே எண்ணின் குறைவு நிலையின் மாற்றமா, வரையறையின் மாற்றமா என்பது ஒவ்வொரு முறையும் பிரித்தறியப்பட வேண்டும்.

6. சங்கங்கள் மிகுந்த ஊர்

குடிமைச் சமூக அமைப்புகளின் எண்ணிக்கையையே ஒரு பகுதியின் சமூக முன்னேற்றத்துக்கு அளவாகக் கொள்ளும் போக்கும் உண்டு. இதற்கு ஆரணியே மறுப்பாக அமைகிறது. எலிசபெட்டா பசிலேயும் ஹாரிஸ்-வைட்டும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, இந்நகரின் தொழில் சங்கங்கள், வணிகச் சங்கங்கள், சாதிச் சங்கங்கள் ஆகியவை ஒன்றோடொன்று பின்னிச் சந்தையை ஒழுங்குபடுத்துவதை எடுத்துக்காட்டியது. அவற்றின் பெருக்கம் உழைப்பாளரின் குரல் பெருகியதைக் குறிக்கவில்லை. உடைமையாளரின் நலன் பொதுநலனாகத் தோற்றம் பெற்றதையே குறித்தது. அன்னதானமும் கோயில் திருப்பணியும் செய்யும் ஒரு சங்கமே, கூலியை நிர்ணயிக்கும் இடத்தில் ஒரு தரப்பாகவும் இருக்கக்கூடும். செய்த அறப்பணிகளைப் பட்டியலிடும் அளவை இவ்விரட்டை நிலையைக் காண்பதில்லை. ஆகவே அமைப்பு என்ன செய்தது என்பதோடு, அது எவருடைய பேரத்திறனை உயர்த்தியது என்பதும் அளவையில் சேர வேண்டும்.

7. மாற்று அளவைகளை நோக்கி

இந்தியச் சூழலிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1972-இல் எலா பட் அகமதாபாத்தில் நிறுவிய 'சேவா' அமைப்பு, தன்னைப் பதினொரு வினாக்களால் அளந்துகொள்கிறது. உறுப்பினருக்கு வேலை கூடியதா, வருவாய் உயர்ந்ததா, உணவும் மருத்துவமும் குழந்தைப் பராமரிப்பும் வீடும் கிட்டினவா, சொத்து சேர்ந்ததா, அமைப்பின் வலிமை வளர்ந்ததா, தலைமைப் பண்பு பெருகியதா, தற்சார்பு மிகுந்ததா, கல்வி கூடியதா என்ற முறையில் அவை அமைகின்றன. அமைப்பின் வலிமை இவற்றுள் ஒன்றே. ஏனையவை உறுப்பினரின் வாழ்வைப் பற்றியவை என்பது கருதத்தக்கது.

இந்நெறியில் ஆரணியின் நெசவாளர் சங்கங்களுக்கும் நெசவுக் குடும்பங்களிடையே பணிபுரியும் அமைப்புகளுக்கும் நான்கு அளவைகள் பொருந்தும்.

முதலாவது, பாவு இல்லாத நாள்கள். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு கிடைக்கும்வரை தறி நிற்கும் நாள்களின் தொகை இது. நெசவாளருக்கு ஆண்டு வருவாயைத் தீர்மானிப்பது சேலைக் கூலியின் அளவு மட்டுமன்று, இந்நாள்களும்தாம். பாவு வழங்கிய நாளும் சேலை ஒப்படைத்த நாளும் சங்கப் பதிவேட்டில் உள்ளன. அவ்விரண்டையும் ஒப்பிட்டாலே இவ்வெண் கிடைத்துவிடும். புதிய கணக்கெடுப்பு தேவையில்லை.

இரண்டாவது, விற்பனை விலையில் கூலியின் பங்கு. கூலி உயர்ந்தது என்னும் கூற்று தனித்து நிற்க இயலாது. சேலையின் விலை அதனினும் விரைவாக உயர்ந்திருப்பின் நெசவாளரின் பங்கு தாழ்ந்ததாகவே பொருள்.

மூன்றாவது, முன்பணக் கடனின் நிலை. உறுப்பினர் தனியார் முதலாளியிடம் கடன்பட்டுள்ளாரா, அக்கடன் குறைகிறதா என்பது கூட்டுறவின் முதல் நோக்கத்தை நேரே தொடும் அளவை. தறியைவிட்டுக் குழந்தை எழுந்தது நிலைக்குமா என்பதையும் இதுவே முன்னறிவிக்கும். இரு வகை அமைப்புகளும் ஒரே அளவையால் இணைக்கப்படும் இடம் இது.

நான்காவது, பதிவாகாத உழைப்பு. கூலி சேலைக்கு வழங்கப்படுகிறது. சேலையை ஒப்படைப்பவர் பெயரில் பதிவாகிறது. இழை சுற்றியவர், தார் சுற்றியவர், பாவு பிணைக்க உதவியவர் ஆகியோர், பெரும்பாலும் பெண்கள், எந்த ஏட்டிலும் இல்லை. நான்காவது கணக்கெடுப்பின்படி நாட்டின் கைத்தறித் தொழிலாளருள் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் பெண்கள். கூலியிலிருந்து பிடித்தம் செய்து அரசின் பங்கையும் சேர்க்கும் சேமிப்புத் திட்டம் போன்றவை பதிவான கூலியையே அடிப்படையாகக் கொள்வதால், ஏட்டில் இல்லாதவருக்கு அவையும் எட்டுவதில்லை. எனவே பதிவு இங்கு வெறும் அளவிடல் அன்று. உரிமைக்கான வாயிலும் ஆகும்.

இவ்வளவைகளும் கேம்பல் சுட்டிய சிதைவுக்கு உட்படக்கூடியவையே. பாவு இல்லாத நாள்களைக் குறைத்துக் காட்ட, நீளம் குறைந்த பாவுகளை அடிக்கடி வழங்கக்கூடும். கடனை மறைக்குமாறு உறுப்பினர் வற்புறுத்தப்படக்கூடும். இதற்கான காப்பு, அளவையை வைத்திருப்பவர் யார் என்பதில் உள்ளது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், 2005, தன் 17-ஆம் பிரிவில் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக்கியது. வேலை செய்தவர்கள் முன்னிலையிலேயே பதிவேடு வாசிக்கப்படுவது அதன் உயிர்நாடி. கூட்டுறவுச் சங்கத்துக்குப் பொதுப்பேரவை என்னும் அவை சட்டத்தாலேயே அமைந்துள்ளது. அங்கு வரவு செலவு அறிக்கையுடன், ஒவ்வொரு உறுப்பினரின் பாவு இல்லாத நாள்களும் வாசிக்கப்படுமாயின், பொய்யெண்ணை மறுக்கத்தக்கவர் அவையிலேயே அமர்ந்திருப்பர். தம் தறி நின்ற நாள்களை நெசவாளர் மறப்பதில்லை.

முடிவுரை

ஆரணியின் பட்டு நெசவை முன்வைத்து நோக்கும்போது பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. இலாபம் சங்கத்தின் வாழ்வுக்கு எல்லைக்கோடு. அதை வெற்றியாகக் கொள்ளும்போது வேலை மறுத்த சங்கம் சிறந்ததாகவும் வேலை தந்த சங்கம் நலிந்ததாகவும் தோன்றக்கூடும். தறி எண்ணிக்கையும் பள்ளிச் சேர்க்கையும் செயலின் அளவுகள். தாக்கத்தின் அளவுகள் அல்ல. குழந்தை உழைப்பின் குறைவு பல காரணங்களின் கூட்டு விளைவு. அதை ஓர் அமைப்பின் தனி வெற்றியாக உரிமை கோருதல் ஆய்வு நெறிக்குப் பொருந்தாது. அமைப்புகளின் பெருக்கம் உழைப்பாளர் நலனுக்குச் சான்றாகாது.

ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-இல் வெளிவந்தபோது, கைத்தறி நெருக்கடியை நூலின் விலையாக மட்டும் காணாமல் நெசவாளர் வீட்டின் பசியாகவும் கண்டது. புனைவு அன்று கண்டதைப் புள்ளிவிவரம் இன்றும் காணத் தயங்குகிறது. சங்கங்களின் ஆண்டறிக்கைகளையும் திட்ட மதிப்பீடுகளையும் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர், அவற்றின் எண்களைத் தொகுப்பதற்கு முன்னர் அவ்வெண்கள் எவ்வினாவுக்கு விடையாகப் பிறந்தவை என்பதைக் கேட்டறிதல் வேண்டும். ஒரு சங்கம் கலைக்கப்படுவதும் நிலைப்பதும், ஒரு திட்டம் தொடர்வதும் நிற்பதும் இவ்வெண்களைக் கொண்டே முடிவாகின்றன. தவறான அளவுகோலின் விலையைச் செலுத்துவது அறிக்கை எழுதியவரல்லர், பாவுக்காகக் காத்திருப்பவரே. பாவு இல்லாத நாள்கள் ஆய்வின் அட்டவணையில் ஒரு நிரலாக இடம்பெறுவது அதற்கான முதற்படியாக அமையும்.